'ஓட வேண்டாம்' என்று சொல்லும் கருவி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் மேடவாக்கம் தாண்டியதும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தலைகாட்டத் தொடங்கும். அதையொட்டிய நாராயணபுரத்தில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. என்.ஐ.ஓ.டி. என்றால்தான் பலருக்குப் புரியும். கடற்கரை இங்கிருந்து கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ கோரைப்புல்லும் நீர்ப்பறவைகளும் மாநகரின் குப்பைமேடும்தான். 1993-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் இப்போது செய்திகளில் அடிபடுவது 'மத்ஸ்யா 6000' என்ற ஆழ்கடல் ஊர்தியால். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதற்காக உருவாகிவரும் ஊர்தி அது.

இந்த அத்தியாயம் அந்த ஊர்தியைப் பற்றியதல்ல. அதே வளாகத்துப் பொறியாளர்கள் வங்காள விரிகுடாவின் தரையில் இறக்கி வைத்துவிட்டு வரும், யாரும் படம் பிடித்துப் போடாத ஒரு கருவியைப் பற்றியது. தன் தலைக்குமேல் எவ்வளவு நீர் நிற்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டிருப்பது அதன் வேலை. சுனாமி எச்சரிக்கை என்றதும் நம் மனதில் சைரன் ஒலிக்கிறது. மக்கள் மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். இந்தக் கருவி அதற்கும் உதவும். ஆனால் அதற்கு முன்பே ஓடச் சொல்ல வேறு வழிகள் இருந்தன. 'ஓட வேண்டாம்' என்று நம்பிக்கையோடு சொல்லத்தான் வழியில்லாமல் இருந்தது. எச்சரிக்கை அமைப்பின் கடினமான பாதி அதுதான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக் கடற்கரை 2004-இன் கடைசி வாரத்தில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு விதமான தோல்வியையும் பார்த்தது.

முதல் தோல்வி எல்லோருக்கும் தெரிந்தது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடல்தரை பிளந்தது. அந்தப் பிளவு அங்கேயே நிற்கவில்லை. நிக்கோபார், அந்தமான் என்று வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் கிழித்துக்கொண்டு போனது. அதற்கு எட்டு முதல் பத்து நிமிடம் பிடித்தது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த சென்னைக்கு நில அதிர்வு நாலைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. அடுக்குமாடிகளில் சிலர் கட்டில் ஆடியதை உணர்ந்து எழுந்தார்கள். நீர் வந்தது ஒன்பது மணியை ஒட்டி. சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்டமானி முதல் ஏற்றத்தை 9.05 வாக்கில் பதிந்தது. நடுவில் இருந்த இரண்டரை மணி நேரத்தில் கடற்கரைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அரசுக் கணக்கில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர். சென்னையில் 206 பேர்.

இரண்டாவது தோல்வி டிசம்பர் 30 அன்று. இன்னொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து கடலோர மாநிலங்களுக்குச் செய்தி போனது. அதற்கு ஆதாரம் நிலநடுக்கமானியும் இல்லை, கடல்மட்டமானியும் இல்லை. அமெரிக்காவில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பு. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள், நிவாரணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். அலை எதுவும் வரவில்லை. அன்றே மத்திய அறிவியல் அமைச்சர் அந்தக் கணிப்புக்கு அறிவியல் அடிப்படையே கிடையாது என்று மறுத்தார்.

முதல் நாள் சொல்ல ஆளில்லை. ஐந்தாம் நாள் சொன்னதை நிறுத்த ஆளில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த நேரத்தில் கடலுக்குள் என்ன நடக்கிறது என்று இந்தியப் பெருங்கடலில் யாருக்கும் தெரியாது.

நிலநடுக்கத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். அளந்தார்கள். ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் பதினைந்தே நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0. சுமார் ஒரு மணி நேரம் கழித்து அதை 8.5 என்று திருத்தினார்கள். இன்று ஏற்றுக்கொள்ளப்படும் அளவு 9.1-க்குக் குறையாது. எண்களில் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு, 8.0-க்கும் 9.1-க்கும் இடையில் சுமார் 45 மடங்கு. வரப்போவதன் ஆற்றலை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்து மதிப்பிட்ட அறிக்கை அது.

அங்கே வேலை செய்தவர்களின் திறமைக் குறைவு அல்ல இது. நிலநடுக்கமானிகள் முதலில் பிடிப்பது வேகமாகத் துடிக்கும் அலைகளை. மிகப் பெரிய பிளவோ தன் ஆற்றலில் பெரும்பங்கை மெதுவாகத் துடிக்கும் நீண்ட அலைகளில் செலவழிக்கிறது. அவற்றை அலசி எடுக்க நேரம் வேண்டும். தவிரவும், பிளவே பத்து நிமிடம் நீளும்போது முதல் சில நிமிடங்களை வைத்துப் போடும் கணக்கு பாதி நாடகத்தைப் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் மாதிரி ஆகிவிடும்.

உலகிலேயே நெருக்கமான நிலநடுக்கமானி வலை கொண்ட ஜப்பானுக்கே 2011 மார்ச் 11 அன்று இதுதான் நேர்ந்தது. மூன்று நிமிடத்தில் அவர்கள் போட்ட முதல் கணக்கு 7.9. அதன்படி மியாகி கரைக்கு 6 மீட்டர், இவாதே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். உண்மையான அளவு 9.0. கரைக்கு அப்பால் மிதந்த மிதவைகளில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்த பிறகு, ஏறக்குறைய அரை மணி நேரத்தில், 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தினார்கள். அதற்குள் மின்சாரம் அறுந்திருந்தது. திருத்தம் பலருக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று மீட்டர்தானே, தடுப்புச்சுவர் இருக்கிறதே என்று நின்றவர்கள் உண்டு.

பிழை எதிர்த்திசையிலும் வரும். 1946 ஏப்ரல் 1-இல் அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளில் கிளம்பிய சுனாமி ஹவாயில் 159 பேரைக் கொன்றது. அதன் விளைவாக 1949-இல் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. அதற்கடுத்த சில பத்தாண்டுகளில் அது விடுத்த எச்சரிக்கைகளில் நான்கில் மூன்று வீணானவை. 1986 மே 7-இல் ஹவாயின் கடற்கரைகளைக் காலி செய்தார்கள். வந்தது அற்பமான அலை. கடை அடைப்பும் வேலை இழப்புமாக 3 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று கணக்கிட்டார்கள். பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு: மூன்று முறை வீணாக ஓடியவர் நான்காம் முறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், ஓடமாட்டார்.

அந்த அனுபவத்திலிருந்துதான் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் 'டார்ட்' என்ற கருவித் தொகுப்பை உருவாக்கியது. கடல்தரையில் ஓர் அழுத்தமானி, அதற்கு நேர்மேலே ஒரு மிதவை. 2003 நவம்பர் 17-இல் அதே அலூஷியன் பகுதியில் 7.8 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கையும் போனது. ஆனால் வழியில் இருந்த அழுத்தமானி சொன்ன அலையின் உயரம் 2 சென்டிமீட்டர். எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஹவாயில் யாரும் ஓடவில்லை, 6.8 கோடி டாலர் மிச்சம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இது நடந்து பதின்மூன்று மாதத்தில் சுமத்ரா பிளந்தது. அப்போது அமெரிக்கா நிறுத்தியிருந்த டார்ட் மிதவைகள் ஆறு. ஆறும் பசிபிக் கடலில்.

இந்தியப் பெருங்கடலில் சுனாமி வருவதில்லை, ஆகவே கருவி வைக்கவில்லை என்று 2004-க்குப் பிறகு பலர் சொன்னார்கள். அரைகுறை உண்மை. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய சுனாமியைச் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் கடல்மட்டமானிகள் காகிதச் சுருளில் கோடாகவே வரைந்து வைத்திருந்தன. நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டரைத் தாண்டிய அலை. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் சென்னையில் பதிவானது. 1881-இன் அந்தக் கோடுகளைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, நிக்கோபார் பிளவின் அளவு 7.9 என்று கணக்கிட்ட ஓர்டிஸ், பில்ஹாம் என்ற இருவரின் கட்டுரை வெளியானது எப்போது தெரியுமா? 2003-இல். தகவல் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு திட்டம் தீட்ட வேண்டியவர்கள் மேசைக்கு அது வரவில்லை.

இனி கருவிக்கு வருவோம்.

சுனாமியின் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கிறது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். 3,500 மீட்டர் ஆழமுள்ள விரிகுடாவில் மணிக்குச் சுமார் 670 கிலோமீட்டர். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36 கிலோமீட்டர். முன்னே போன நீர் தயங்க, பின்னே வரும் நீர் நெருக்க, அலை உயர்கிறது. நடுக்கடலில் அது எவ்வளவு உயரம் என்பது 2004-இல் தற்செயலாகத் தெரியவந்தது. நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் வங்காள விரிகுடாவின் மேலாகக் கடந்தது. அது அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர். அந்த ஒன்றேகால் முழ உயர்வும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் பரவியிருந்தது. மேலே படகில் இருந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. செயற்கைக்கோளின் பதிவை அலசி முடிக்கப் பல மணி நேரம் ஆனது. அன்று அதனால் யாருக்கும் பயனில்லை.

மேற்பரப்பில் நின்று இந்த உயர்வைப் பிடிப்பது கடினம். காற்று கிளப்பும் அலைகளே இரண்டு மூன்று மீட்டர் துள்ளுகின்றன. ஆனால் காற்றலையின் ஆட்டம் மேலோடு சரி. சில நூறு மீட்டர் கீழே போனால் சுவடே இராது. சுனாமி அப்படியல்ல. மேலிருந்து தரை வரை மொத்த நீரும் சேர்ந்து நகர்கிறது. ஆகவே தரையில் போய் உட்கார்ந்துகொண்டால் காற்றலைகளைக் கடலே வடிகட்டிக் கொடுத்துவிடும். மிஞ்சுவது நீரின் எடை மட்டும்.

அந்த எடையை அளக்கக் குவார்ட்ஸ் படிகம் ஒன்று போதும். அதிர்ந்துகொண்டிருக்கும் படிகத்தின்மேல் அழுத்தம் கூடினால் அதிர்வெண் நூலளவு மாறும். அந்த மாற்றத்தை எண்ணிவிட்டால் அழுத்தம் தெரிந்துவிடும். சொல்வது எளிது. 4,000 மீட்டர் நீருக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது என்றால் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. நாற்பது டன் பாரத்தோடு எடைமேடையில் ஏறி நிற்கும் லாரியில், டிரைவர் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாரா, டீக்கடையில் விட்டுவிட்டு வந்தாரா என்று முள்ளைப் பார்த்துச் சொல்வதற்குச் சமம். இதையும் தாண்டி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே உணரக்கூடியவை இந்தப் படிகங்கள்.

கருவி உணர்ந்துவிட்டால் மட்டும் போதாது. எதைப் பொருட்படுத்த வேண்டும் என்றும் அது தெரிந்திருக்க வேண்டும். கடல்மட்டம் ஓதத்தால் தினமும் ஏறி இறங்குகிறது, சுனாமியைவிட அதிகமாகவே. ஆனால் ஓதம் மெதுவானது, கணிக்கக்கூடியது. கருவிக்குள் இருக்கும் சிறு கணினி கடந்த சில மணி நேர அளவுகளை வைத்து, அடுத்து என்ன வரவேண்டும் என்று ஒரு வளைகோடு போட்டுக்கொள்கிறது. வந்த அளவு அந்தக் கணிப்பிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் விழித்துக்கொள்கிறது. சாதாரண நாட்களில் அவ்வப்போது ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது, இப்போது நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால் அதை முதலில் எழுப்புவது பெரும்பாலும் சுனாமி அல்ல, நிலநடுக்கம்தான். தரையே குலுங்கும்போது தரையில் உட்கார்ந்திருக்கும் கருவியின் அளவும் தாறுமாறாகத் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கியபின் மெதுவாக, பல நிமிடங்கள் நீடித்து ஏறும் கோடு வருகிறதா இல்லையா என்பதற்காகத்தான் கரையில் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

நான்கு கிலோமீட்டர் நீருக்குள்ளிருந்து செய்தி எப்படி வெளியே வரும்? வானொலி அலை கடல்நீருக்குள் போகாது. ஒலி போகும், வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில். தரைக்கருவி தன் எண்களை ஒலியாக்கி மேலே அனுப்ப, இரண்டரை மூன்று வினாடியில் மிதவை அதைக் கேட்டு, செயற்கைக்கோளுக்குத் தள்ளிவிடுகிறது. அங்கிருந்து ஒரே நேரத்தில் பள்ளிக்கரணைக்கும் ஹைதராபாத்துக்கும் வருகிறது. எச்சரிக்கை விடும் பொறுப்பு ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்துக்கு. நாட்டின் கடல் எச்சரிக்கை மையம் கடலே இல்லாத ஊரில் இருப்பது முதலில் விசித்திரமாகப் படும். பேரலை வந்தாலும் வேலை நிற்காத ஊர் என்று நினைத்தால் விசித்திரம் போய்விடும். மிதவைகளைக் கட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, பழுது பார்த்து, உயிரோடு வைத்திருப்பது பள்ளிக்கரணையின் வேலை. கழகத்துக்கு இது புதிதும் அல்ல. 1990-களின் பிற்பகுதியிலிருந்தே காற்றையும் அலையையும் அளக்கும் மிதவைகளைக் கடலில் நிறுத்திவந்தவர்கள் அவர்கள்.

உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. உப்பும் புயலும் பாசியும் எதிர்பார்த்த எதிரிகள். எதிர்பாராத எதிரி மனிதன். நடுக்கடலில் எதை மிதக்கவிட்டாலும் அதன் நிழலில் சின்ன மீன் கூடும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும், அதைத் தேடிப் படகு வரும். பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகள் மிதவையில் கயிறு கட்டி நிற்கின்றன. தூண்டிலும் வலையும் அதன் கயிற்றில் சிக்குகின்றன. சோலார் தகடுகளும் காணாமல் போகின்றன. ஒரு மிதவை ஊமையானால் கப்பல் போய்த் திரும்ப நாளும் பணமும் செலவு. கழகத்தார் மிதவைகளில் கேமரா பொருத்தினார்கள். ஏறி நின்றவர்களின் படங்கள் வந்தன. படத்தை வைத்து ஆளைப் பிடிப்பது ஒரு வழிதான். மீனவ ஊர்களுக்கே போய், 'உங்கள் ஊருக்கு வரும் அலைச் செய்தி இதிலிருந்துதான் கிளம்புகிறது' என்று விளக்கும் வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டாவது வழியில்தான் அதிக நம்பிக்கை. மீன் கூடும் இடத்தைவிட்டுப் படகு விலகிப் போக வேண்டுமென்றால் அதற்குப் படகுக்காரருக்குச் சொந்தக் காரணம் வேண்டும்.

இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று முறையாகச் செயல்படத் தொடங்கியது. 2011 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் தகவல் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றது. அது வேலை செய்யும் முறை இரண்டு கட்டங்களாக இருக்கிறது. நிலநடுக்கம் பதிவானதும், முன்பே கணினியில் போட்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கற்பனைச் சுனாமிகளில் அதற்கு நெருக்கமானதை எடுத்து, எந்தக் கரைக்கு எவ்வளவு, எப்போது என்று பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை தருகிறார்கள். இது ஊகம். அடுத்து அழுத்தமானிகளும் கடல்மட்டமானிகளும் சொல்வதை வைத்து அந்த ஊகத்தை உறுதி செய்கிறார்கள், அல்லது கைவிடுகிறார்கள்.

அதன் உண்மையான தேர்வு 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது. பிற்பகல் 2.08 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே 8.6. இரண்டு மணி நேரம் கழித்து 8.2. சென்னையில் தெளிவாகவே உணர்ந்தார்கள். அலுவலகங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள், கைபேசிகள் திணறின, மெரினாவிலிருந்து மக்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். 2004-ஐப் பார்த்த ஊர், பயம் நியாயமானதே. ஹைதராபாத் மையம் எட்டு நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. மிக உயர்ந்த எச்சரிக்கை நிக்கோபார்த் தீவுகளின் சில பகுதிகளுக்கு மட்டும். மற்ற கரைகளுக்கு அதற்குக் கீழ்ப்பட்ட நிலைதான். பிறகு கடலே பதில் சொன்னது. கருவிகள் காட்டியது சிறிய ஏற்ற இறக்கம். மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

8.6 அளவு நிலநடுக்கம் ஏன் பேரலையை எழுப்பவில்லை? 2004-இல் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைந்து, மேல்தட்டு விசுக்கென்று எழும்பியது. மேலிருந்த கடலும் எழும்பியது. 2012-இல் இரு பக்கமும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தரை எழும்பவில்லை, நீரும் எழும்பவில்லை. நிலநடுக்கத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் நாகப்பட்டினத்திலிருந்து விசாகப்பட்டினம் வரை லட்சக்கணக்கானோரை ஓட வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கருவிக்குக் கையாலாகாத இடங்களும் உண்டு. கார் நிக்கோபாருக்குப் பிளவு வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே ஹைதராபாத்தின் அறிக்கை வந்து சேருமுன் அலை வந்துவிடலாம். 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரில் சில நிமிடங்களில் நீர் புகுந்தது; அந்நாட்டு மிதவைகள் ஏற்கெனவே பல ஆண்டுகளாகச் செயலற்றுக் கிடந்தன, செயல்பட்டிருந்தாலும் அங்கே எவ்வளவு உதவியிருக்கும் என்பது சந்தேகம். அதே ஆண்டு டிசம்பரில் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து விழுந்து சுனாமி எழுந்தபோது, எச்சரிக்கை மணியை அடிக்க நிலநடுக்கமே இல்லை. இத்தகைய இடங்களில் வேலை செய்வது பழைய அறிவுதான். சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமலுவே தீவில் 1907-ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவைப் பாட்டி பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்: நிலம் நீண்ட நேரம் குலுங்கினால் குன்றுக்கு ஓடு. 2004-இல் பிளவுக்கு மிக அருகில் இருந்தும் அங்கே இறந்தவர்கள் ஏழு பேர்.

சோழமண்டலக் கரைக்கு அந்தக் கவலை குறைவு. நமக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. நம் சிக்கல் கடைசிக் கட்டத்தில். ஹைதராபாத்திலிருந்து சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மாநில அவசரகால மையத்துக்குச் செய்தி வர நிமிடம் போதும். அங்கிருந்து ஆட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி நயினார்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரின் காதுக்குப் போக வேண்டும்.

இதற்கான பாடம் பள்ளிக்கரணைக்குப் பக்கத்திலேயே, தரமணியில் இருக்கிறது. அங்குள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நடத்திவந்தது. மீனவ ஊர்களில் அலையின் உயரம், காற்று, மீன் விலை போன்றவற்றைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அலை விவரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுத்த காலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். செய்தி மைய ஒலிபெருக்கிக்குப் போனது. 3,600-க்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். வீடுகள் இடிந்தன, படகுகள் நொறுங்கின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. வீராம்பட்டினத்திலும் மையத்துப் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியை எடுத்து முழங்கினார்கள்.

கருவி என்று பார்த்தால் அது கோயில் திருவிழாவில் கட்டும் மைக் செட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. அது வேலை செய்ததற்குக் காரணம், தினமும் அதே குரல் அதே குழாயிலிருந்து உண்மையான, உபயோகமான சேதி சொல்லிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அலறுவதற்கென்று கம்பத்தில் ஏற்றிவைக்கும் சைரனுக்கு அந்த மதிப்பு கிடைக்காது, துருதான் பிடிக்கும்.

கடலோர மக்களைக் காப்பதில் இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது: அவர்களையே கடலிலிருந்து தூக்கிவிடுவது. சென்னைக் குப்பங்களிலிருந்து பல குடும்பங்கள் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அருகே செம்மஞ்சேரியில் 'சுனாமி குடியிருப்பு' என்றே பெயர் பெற்ற அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய நீரிலிருந்து அவர்களை எடுத்து, சதுப்பு நிலத்துக்கு வடியும் மழைநீரின் வழியில் வைத்தார்கள். 2015 பெருமழையில் மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் பல மழைக்காலங்களில் அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது. தொழிலும் தூரமாகிவிட்டது. இதைப் பேரிடர் மேலாண்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2023-இல் பல மாநிலங்களில் கைபேசிகள் திடீரென்று அலறிச் சோதனைச் செய்தி காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது குறுஞ்செய்தி அல்ல. எண்ணுக்கு எண் அனுப்பாமல், ஒரு கோபுரத்தின் வீச்சில் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே வீச்சில் ஒலிபரப்பும் முறை. 2012-இல் நடந்ததுபோல நெரிசலில் திணறாது. அதைவிட முக்கியம், கோபுரங்களைத் தேர்ந்தெடுக்க முடியும். நீலாங்கரை, கானத்தூர், கோவளம் கோபுரங்களை மட்டும் அலறவைத்துவிட்டு, கடலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தாம்பரத்தைத் தூங்கவிடலாம். தாம்பரத்துக்குச் சுனாமி வராது. ஆனால் பயம் வரும்; பயந்தவர்கள் கடலோரத்தில் இருக்கும் உறவினரைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பினால், மேற்கே வரவேண்டியவர்கள் மேடவாக்கம் சந்திப்பில் மாட்டிக்கொள்வார்கள்.

கோபுரத்தின் வீச்சு கடலுக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் இருக்கும் படகுகளுக்கென்று 2019-இல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் 'ஜெமினி' என்ற சிறு கருவி வந்தது. செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது. அதன் பிறகு தமிழக விசைப்படகுகளில் பொருத்தப்பட்டுவரும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களில் இரு வழியிலும் பேசலாம். புயல் என்றால் அந்தத் திரையில் வரவேண்டிய உத்தரவு 'உடனே கரைக்குத் திரும்பு'. சுனாமி என்றால் அதற்கு நேர் எதிர்: 'கரைக்கு வராதே, ஆழத்துக்குப் போ, விலக்கும் வரை அங்கேயே நில்.' 60 சென்டிமீட்டர் மட்டுமே உயரும் கடலில் படகுக்கு ஆபத்தில்லை. துறைமுக வாயிலில்தான் அது நொறுங்கும். காலங்காலமாகக் கெட்ட சேதி கேட்டால் கரைக்கு ஓடிவந்தே பழகிய ஒருவர், வீட்டார் கரையில் இருக்கும்போது, திரையில் வந்த ஒரு வரியை நம்பி நடுக்கடலில் நிற்க வேண்டும்.